வாகனம் கேள்வி-பதில்: பம்பை இறக்கும் முன் காற்றைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 1996ஆம் ஆண்டு கொரொல்லா டீசல் கார் இருக்கிறது, 2சி இஞ்சின். கந்தளாயிலிருந்து வரும்போது 60, 70இல் போய்க்கொண்டிருக்கையில் திடீரென்று இழுவை விட்டுப்போகிறது. இரண்டு மூன்று வினாடி திக்கிவிட்டு மறுபடி பிடிக்கிறது. பிறகு நாலு நாள் ஒன்றுமே இருக்காது. டாங்கில் டீசல் குறைந்தால் அதிகம் வருகிற மாதிரித் தெரிகிறது. காலையில் ஸ்டார்ட் எடுக்கவும் நேரமாகிறது. பில்டர் மாற்றியாயிற்று. கராஜில் டீசல் பம்பை இறக்கிச் செய்யவேண்டும் என்கிறார்கள், செலவைக் கேட்டால் தலை சுற்றுகிறது. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், உவர்மலை

பதில்: பம்பை இறக்கக் கொடுத்துவிடாதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே தேய்ந்த பம்ப் பெரும்பாலும் இஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் ஸ்டார்ட்டுக்கு மக்கர் பண்ணும், ஏனென்றால் சூட்டில் டீசல் இளகித் தேய்ந்த இடுக்கு வழியே நழுவிவிடும். உங்களுக்குக் காலையில்தான் சிரமம். ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் எடுக்கும் முன் இஞ்சினுக்குள் சூடு கொடுக்கிற பிளக்) என்று யாராவது சொல்வார்கள்; அது காலை ஸ்டார்ட்டைக் கெடுக்கலாம், ஆனால் 60இல் ஓடுகிற காரைத் திக்க வைக்காது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே காரணம் தேடினால் எனக்குத் தெரிவது டாங்கிலிருந்து டீசல் வருகிற லைனுக்குள் காற்று.

இந்த இஞ்சினில் டாங்கிலிருந்து டீசலைத் தள்ளிவிடத் தனி பம்ப் கிடையாது, முன்னால் இருக்கிற டீசல் பம்பே பின்னால் டாங்கிலிருந்து உறிஞ்சி எடுக்கிறது, நாம் ஸ்ட்ரோ வைத்து இளநீர் குடிக்கிற மாதிரி. ஸ்ட்ரோவில் மயிரிழை வெடிப்பு இருந்தால் இளநீர் வெளியே சிந்தாது, காற்றுத்தான் வாய்க்குள் வரும். அதனால்தான் கீழே ஒரு சொட்டு டீசல் இல்லையே என்று கராஜ்காரர்கள் லைனை விட்டுவிட்டுப் பம்பைக் கைகாட்டுகிறார்கள். டாங்க் குறையக் குறைய உறிஞ்சும் வேலை கூடும், காற்றும் கூடும். இரவு நிறுத்தி வைத்தால் டீசல் மெல்லப் பின்னுக்கு இறங்கிவிடும்.

நாளைக் காலை சாவியைத் தொடும் முன் பில்டருக்கு மேலே உள்ள கைப்பம்பை அமுக்கிப் பாருங்கள். ஒன்றிரண்டு அமுக்கிலேயே இறுகினால் நல்லது. பத்துப் பன்னிரண்டு முறை தொளதொளவென்று போய் அப்புறம் இறுகி, உடனே ஸ்டார்ட்டும் எடுத்தால் காற்றுத்தான். அடுத்து, பில்டரிலிருந்து பம்புக்குப் போகிற ஹோஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டீசல் தாங்கக்கூடிய கண்ணாடி மாதிரியான டியூப் ஒன்றைக் கிளிப் போட்டு மாட்டுங்கள். மாட்டியதும் கொஞ்சம் குமிழ் வரும், அது சில நிமிடத்தில் போய்விட வேண்டும். பிறகு அக்ஸிலேட்டரைக் கொடுத்துப் பிடியுங்கள். என்னுடைய பழைய வேனில் கடுகளவு குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாலை கோத்த மாதிரி ஓடின. குற்றவாளி பில்டருக்கு முன்னால் இருந்த ஒரு சாண் ரப்பர் ஹோஸ், கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்தது. வளைத்துப் பார்க்கும்வரை கண்ணுக்குத் தெரியவே இல்லை.

உங்கள் காரில் எங்கே என்று பிடிக்க, ஒரு கேனில் சுத்தமான டீசல் எடுத்து, பெல்ட்டுக்கும் சூட்டுக்கும் தள்ளி வைத்து, பம்புக்கு நேரே ஹோஸ் கொடுத்து நிறுத்திய இடத்திலேயே ஓடவிடுங்கள். குமிழ் நின்றால் பம்ப் நிரபராதி. பிறகு கேனைப் பில்டருக்கு முன்னால் கொடுங்கள். குமிழ் திரும்ப வந்தால் கைப்பம்ப் அல்லது பில்டரின் ரப்பர் வளையம், வராவிட்டால் டாங்க் பக்கம். நம் ஊர்க் கடல் காற்றுக்கு காரின் அடியில் ஓடுகிற இரும்பு பைப், சேறு தேங்குகிற கிளிப்புகளுக்கு அடியில் அரித்திருக்கும், அதைக் கையால் தடவிப் பார்க்கவேண்டும்.

குமிழே இல்லையென்றால்? திக்கும்போது பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒருவரை வரச்சொல்லிப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்பாக வந்தால் எயார் பில்டர் அல்லது இஞ்சினுக்குள் டீசலைப் பீச்சுகிற நொசிலைப் பாருங்கள். புகையே இல்லாமல் சாவியை அணைத்த மாதிரி அறுந்து விழுந்தால், பம்பின் மேலுள்ள சொலினோயிட்டுக்கு (டீசலைத் திறந்து மூடுகிற மின் வால்வு) போகிற ஒற்றை வயர் தளர்ந்திருக்கலாம், அதை இறுக்க ஐந்து நிமிடம் போதும். மெல்ல மெல்ல இழுவை குறைந்தால் டாங்கின் உள்ளே இருக்கும் வலை அடைத்திருக்கலாம். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கேனிலும் பரலிலும் சேர்த்து வைத்த டீசலை ஊற்றியிருந்தால் தண்ணீரும் கசடும் உள்ளே போயிருக்கும். பில்டருக்குக் கீழே உள்ள திருகைத் தளர்த்தி ஒரு போத்தலில் பிடித்துப் பாருங்கள், தண்ணீர் அடியில் தனியாக நிற்கும்.

இவ்வளவும் பார்த்துச் சரியென்றால் பம்பை இறக்கலாம். அப்போதும் டெஸ்ட் பெஞ்ச் என்கிற சோதனை மெஷினில் போட்டுப் பார்க்கிற இடத்துக்கே கொடுங்கள், திரும்பப் பூட்டும்போது டயல் கேஜ் என்கிற அளவுகருவி வைத்து டைமிங் (டீசல் பீச்சுகிற நேரம்) பிடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: டீசலோடு கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் பம்ப் சுத்தமாகும் என்கிறார்களே?
- ஒரு வாசகி, கிண்ணியா

பதில்: வேண்டாம் தங்கச்சி. இந்த வகைப் பம்புக்குள் தனி ஒயில் கிடையாது, டீசலின் வழுவழுப்பே அதற்கு ஒயில். மண்ணெண்ணெய் அதைக் குறைத்து உள்ளே உரச வைக்கும். ஏற்கெனவே ஊற்றியிருந்தால் டாங்கை டீசலால் நிரப்பி ஓட்டுங்கள்.