பீஸ் ஸ்டேஷனில் வந்த ஆஸ்துமாவுக்கு டிசபிலிட்டி பென்ஷன் கிடைக்குமா?

கேள்வி: கல்குளம் தாலுகாவைச் சேர்ந்தவன் நான். 2004-இல் பட்டாளத்தில், மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்தேன். 17 வருடம் முடித்து 2021-இல் வந்துவிட்டேன். சர்வீஸ் பென்ஷன் வருகிறது. லடாக்கில் லே பக்கம் இரண்டரை வருடம் இருந்துவிட்டு, பீஸ் ஸ்டேஷனான (சண்டை எல்லையில் இல்லாத சாதாரண முகாம்) செகந்திராபாத் போன பிறகு இழுப்பு வந்தது. ஆஸ்துமா என்று சொல்லி லோ மெடிக்கல் கேட்டகிரியில், அதாவது முழு உடல்தகுதி இல்லாதவர் பட்டியலில் போட்டார்கள். கடைசி மெடிக்கல் போர்டில் டிசபிலிட்டி 20 சதவீதம், வாழ்நாள் முழுக்க என்று எழுதினார்கள். ஆனால் நோய் சர்வீஸால் வந்ததும் அல்ல, சர்வீஸால் கூடியதும் அல்ல என்று சொல்லி டிசபிலிட்டி பென்ஷன் கிளெய்மைத் தள்ளிவிட்டார்கள். நான் அப்பீல் செய்யவில்லை. இப்போது ரப்பர் பால்வெட்டு வேலைக்குக்கூடப் போக முடியவில்லை. திருவனந்தபுரத்தில் பெரிய டாக்டரிடம் புதிதாக ஒரு சர்டிபிகேட் வாங்கினால் போதுமா? என் அம்மாவுக்கும் இழுப்பு உண்டு. அதை மறைக்கலாமா?

பதில்: சர்டிபிகேட்டுக்குக் காசு செலவழிக்காதீர்கள். உங்களுக்கு ஆஸ்துமா இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ராணுவ டாக்டர்களே 20 சதவீதம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சண்டை ஒன்றே ஒன்றுதான்: அந்த நோய்க்கும் உங்கள் சர்வீஸுக்கும் தொடர்பு உண்டா, இல்லையா? அதற்கு விடை ரிலீஸ் மெடிக்கல் போர்டின், அதாவது நீங்கள் சொன்ன அந்தக் கடைசி போர்டின் அறிக்கையில், காரணம் எழுதும் கட்டத்தில் இருக்கிறது. பலர் அதைப் படிக்காமலேயே என்னிடம் வருகிறார்கள்.

முதல் வேலை, அந்த அறிக்கையின் நகலை வாங்குவது. வெலிங்டனில் உள்ள உங்கள் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். எந்தெந்த இடத்தில் எத்தனை மாதம் இருந்தீர்கள் என்ற போஸ்டிங் விவரத்தையும், சேரும்போது நடந்த மெடிக்கல் பரிசோதனையின் நகலையும் சேர்த்தே கேளுங்கள். நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுத உதவுவார்கள்.

நகல் வந்ததும் காரணத்தைப் பாருங்கள். அனேகமாக ‘நோய் பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது’ என்று ஒற்றை வரி இருக்கும். இந்த வரியை நான் எத்தனையோ அறிக்கைகளில் பார்த்துவிட்டேன், நோயின் பெயர் மட்டும்தான் மாறும். தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், ஆள் ஆரோக்கியமாகத்தான் சேர்ந்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். தொடர்பு இல்லை என்று நிரூபிக்கும் பாரம் அரசுக்குத்தான். போர்டு காரணம் சொல்லியாக வேண்டும். அந்த வழக்குக்காரருக்கு இருந்தது வலிப்பு நோய், அவருக்கும் 20 சதவீதம்தான்.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தீர்ப்பு, டிசபிலிட்டி பென்ஷனுக்கு யாருக்குத் தகுதி என்று சொல்லும் 1982 விதிகளை வைத்து வந்தது. உங்களுக்குப் பொருந்தும் 2008 விதிகள் படைவீரருக்கு அந்த அளவு தாராளமாக இல்லை. அரசு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். ஆனால் 2008 விதிகளிலும் காரணம் காட்டும் கடமை போர்டுக்கு உண்டு, பீஸ் ஸ்டேஷனில் நோய் தொடங்கியது என்பது மட்டும் போதாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025-இல் தீர்ப்பளித்திருக்கிறது. உங்களுக்கு அதுவே பிடி. அதோடு, லேயின் குளிரிலும் உயரத்திலும் இருந்துவிட்டு வந்தபின் தொடங்கிய மூச்சு நோய் என்பதையும் தேதி போட்டு எழுத வேண்டும்.

அம்மா விஷயத்தை மறைக்காதீர்கள். ராணுவ ஆஸ்பத்திரிக் குறிப்பில் அது ஏற்கெனவே இருக்கலாம். மறைத்தது தெரிந்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். பரம்பரை இருந்தாலும், சர்வீஸ் சூழலால் நோய் கூடியது என்று காட்டினால் போதும். வந்தது, கூடியது இரண்டில் ஒன்று இருந்தாலே சட்டம் ஏற்கும்.

சர்வீஸ் முடித்து வந்தவர்தானே, மெடிக்கலில் அனுப்பப்பட்டவர் இல்லையே என்று சிலர் பயமுறுத்துவார்கள். லோ மெடிக்கல் கேட்டகிரியில் இருந்தபடி காலம் முடித்தவருக்கும் உரிமை உண்டு. 50-க்குக் குறைந்த சதவீதத்தை 50 ஆக உயர்த்தும் சலுகையும் உண்டு என்று 2014-இல் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனுவில் இதைக் கேட்க மறக்காதீர்கள், வித்தியாசம் பெரிது. நூறு சதவீத டிசபிலிட்டிக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. அடிப்படைச் சம்பளமும் எம்.எஸ்.பி.யும் (மிலிட்டரி சர்வீஸ் பே) சேர்த்து 40,000 என்று வையுங்கள்: 20 சதவீதத்துக்கு மாதம் 2,400, ஐம்பதுக்கு 6,000. அதன்மேல் அகவிலைப்படி. போர்டு 15 என்று எழுதியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்; காலம் முடித்து வந்தவர்களுக்கு 20-க்குக் கீழே கிடையாது என்று 2019-இல் தீர்ப்பு இருக்கிறது.

தாமதம்? பென்ஷன் மாதாமாதம் தொடரும் பாதிப்பு என்பதால் அதற்காகவே கதவை மூட மாட்டார்கள். ஆனால் பாக்கித் தொகையை மனுப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருடத்தோடு நிறுத்திவிடலாம் என்று தர்செம் சிங் வழக்கில் 2008-லேயே வழி காட்டியிருக்கிறார்கள். 2021 முதல் கேளுங்கள், மூன்று வருடத்தை எதிர்பாருங்கள். இனி தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்கள் பணம்.

இப்போது தாமதத்துக்கு விளக்கத்தோடு முதல் அப்பீல் அனுப்புங்கள். நிராகரித்தால் இரண்டாவது அப்பீல். ஆறு மாதத்தில் பதிலே வராவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நமக்குக் கொச்சி பக்கம்தான், ஆனால் தமிழ்நாட்டில் குடியிருப்பவர் என்ற முறையில் உங்கள் மனு சென்னை அமர்வுக்குப் போக வேண்டும்.

அப்புறம், பாக்கித் தொகையில் இத்தனை சதவீதம் கொடு, முடித்துத் தருகிறேன் என்று ஏஜென்டுகள் வருவார்கள். வக்கீலே அப்படிப் பேசினாலும் எழுந்து வந்துவிடுங்கள். வழக்கின் பலனை வைத்து ஃபீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதியே தடுக்கிறது. கையில் காசு இல்லையென்றால், நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை), நிராகரித்த கடிதம் மூன்றையும் எடுத்துப் போங்கள்.