முசுறு ராணிக்குத் தீனி வேண்டாம், இருட்டுப் போதும்

கேள்வி: மாவும் முந்திரியும் கலந்த தோட்டம் வைத்திருக்கிறேன். பூக்கும் சமயத்தில் மாவில் தத்துப்பூச்சி, முந்திரியில் தேயிலைக் கொசு என்கிற சாறு உறிஞ்சும் பூச்சி. மரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டுகிற முசுறு எறும்பு இருந்தால், இந்தப் பூச்சிகளைப் பிடித்துத் தின்றுவிடும், மருந்துச் செலவு குறையும் என்றார்கள். மழை பெய்த மறுநாள் பச்சை நிறத்தில் ஐந்து பெரிய ராணி எறும்புகளைப் பிடித்தேன். பிளாஸ்டிக் டப்பாவில் மண் பரப்பி, தேன், சர்க்கரைத் தண்ணீர், நொய்யரிசி எல்லாம் வைத்தேன். இரண்டு செத்துவிட்டன. மீதி மூன்றில் ஒன்றுக்கு இன்னும் இறக்கை இருக்கிறது. ஒன்று முட்டை இட்டது, மறுநாள் பார்த்தால் முட்டையைக் காணோம். தினமும் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். என்ன தீனி கொடுத்தால் பிழைக்கும்? முசுறுக் கூட்டையே கிளையோடு வெட்டி விற்கிறார்களாம், வாங்கலாமா?

பதில்: எந்தத் தீனியும் வேண்டாம். இணை சேர்ந்து இறக்கையை உதிர்த்த முசுறு ராணி, இரை தேடி வெளியே போவதே இல்லை. பறப்பதற்காக மார்பில் இருந்த தசை இனி அதற்கு எதற்கு? அதைக் கரைத்துத்தான் தானும் உயிர் வாழ்ந்து, முதல் ஈட்டுக் குஞ்சுகளையும் வளர்த்துவிடும். நீங்கள் வைத்த தேனும் நொய்யும் பூசணம் பிடிக்கும், சிற்றெறும்பைக் கூப்பிடும், வேறொன்றுக்கும் உதவாது. மண்ணையும் கொட்டிவிடுங்கள். இது மரத்தில் வாழ்கிற எறும்பு.

விரல் நுழையும் அளவு கண்ணாடிக் குழாய் ஒன்று எடுத்து, அடியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, அது தாண்டி வராதபடி பஞ்சை இறுக்கி அடையுங்கள். பஞ்சு ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. இறக்கை உதிர்த்த இரண்டு ராணிகளையும் ஒரே குழாயில் விட்டு, வாயைக் காய்ந்த பஞ்சால் மூடுங்கள். முசுறு ராணிகள் சேர்ந்தே குடும்பம் தொடங்கக் கூடியவை, குஞ்சும் வேகமாகப் பெருகும். எல்லா எறும்புக்கும் இது பொருந்தாது. பல இனங்களில் ராணிகளைச் சேர்த்து வைத்தால் அடித்துக்கொண்டு சாகும். இறக்கையோடு இருப்பதைத் தனிக் குழாயில் வையுங்கள். இணை சேராமலே பிடிபட்டிருக்கலாம். அப்படியென்றால் அதன் முட்டையிலிருந்து ஆண் எறும்புதான் வரும். உறுதியாகச் சொல்ல முடியாது, சில ராணிகள் இணை சேர்ந்த பிறகும் தாமதமாகத்தான் உதிர்க்கும். நீங்களாகப் பிய்க்காதீர்கள்.

சரி, காணாமல் போன முட்டைக்கு வருவோம். அதை ராணியே தின்றுவிட்டது. தின்ன வைத்தது நீங்கள். தினமும் மூடியைத் திறந்து, வெளிச்சம் அடித்து, டப்பாவைச் சாய்த்துப் பார்த்தால், இந்த இடம் ஆபத்தானது என்று அது முடிவு கட்டிவிடும். ஆபத்தான இடத்தில் முட்டையை விட்டு வைப்பதைவிடத் தின்று உடம்பில் சேர்ப்பது அதற்கு லாபம். ராணி வளர்க்க வருகிறவர்கள் எல்லோரிடமும் நான் சண்டை போடுவது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். எந்தத் தீனி, எந்தக் குழாய், எவ்வளவு சூடு என்று ஆயிரம் கேட்பார்கள். சும்மா இருங்கள் என்றால் மட்டும் காதில் விழாது. நிம்மதியாக விட்ட ராணி முட்டைகளை ஒட்டி ஒரு சின்ன வெள்ளைக் குவியலாக வைத்துக்கொண்டு, ஓயாமல் நக்கிக்கொண்டே இருக்கும். பூசணம் ஏறாமல் இருப்பது பெரும்பாலும் அப்படி நக்குவதால்தான். அதிர்வு பட்டால் குவியலை வாயில் கவ்விக்கொண்டு மூலைக்கு மூலை ஓடும். அந்த ஓட்டத்துக்குச் செலவாவது குஞ்சுக்குப் போக வேண்டிய தசை. எறும்புக்குச் சிவப்பு நிறம் சரியாகத் தெரியாது, சிவப்புக் காகிதம் சுற்றிப் பார்க்கலாம் என்று சொல்வார்கள். வெளிச்சம் தெரியாது, சரி. உங்கள் கை பட்டுக் குழாய் அதிர்வது தெரியாதா? துணியைச் சுற்றி, யாரும் இழுத்து மூடாத அலமாரியில், வெயில் படாமல் வையுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு நிமிஷம், பஞ்சில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

வெப்பமான காலத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் முதல் வேலைக்காரிகள், அதாவது வேலைக்கார எறும்புகள், வரும். அளவில் சிறிசாக இருக்கும், பயப்பட வேண்டாம். அப்புறம்தான் தீனி: துளி சர்க்கரைத் தண்ணீர், நசுக்கிய சின்னப் பூச்சி.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. இந்த ராணி எப்போது என் மரத்தைக் காப்பாற்றும்? ஒரு வருஷத்துக்கு மேலேயே ஆகும். வருகிற பூவுக்கு இதை நம்பி உட்காராதீர்கள். சீக்கிரம் பெருக்க ஒரு வழி இருக்கிறது. வேறொரு முசுறுக் கூட்டிலிருந்து கூட்டுப்புழுக்களை மட்டும் எடுத்து ராணியிடம் வைத்தால் தன் பிள்ளையாக ஏற்றுக்கொள்ளும். அவற்றின் மேல் அயல் கூட்டத்து வாசனை இன்னும் ஏறியிருக்காது. உறையில்லாமல் வெள்ளையாக, கால் மடித்த எறும்பு வடிவிலேயே இருப்பதுதான் கூட்டுப்புழு. வளர்ந்த எறும்பு ஒன்றுகூடக் கலக்கக் கூடாது, ராணியைக் கடித்துக் கொன்றுவிடும்.

கூடு விற்பவர்களைப் பற்றி. ஒரு முசுறுக் கூட்டத்துக்குப் பல மரங்களில் ஏராளமான இலைக்கூடுகள் இருக்கும். ராணி இருப்பது அவற்றில் ஏதோ ஒன்றில். கையெட்டும் கிளையை வெட்டிச் சாக்கில் கட்டித் தருகிறவர் ராணியைத் தேடி எடுத்திருப்பாரா? அவர் விற்பது வயதான வேலைக்காரிகளை. சில மாதம் ஓடித் திரியும், ராணி இல்லாததால் தாங்களே முட்டையிடும், அதிலிருந்து ஆண்கள்தான் வரும், அத்தோடு கூட்டம் ஒழியும். அடுத்த வருஷம் நீங்கள் மறுபடி வாங்க வேண்டும், அவருக்கு அதுதான் வியாபாரம். சீனாவில் கி.பி. 304ஆம் ஆண்டு வாக்கிலேயே ஆரஞ்சுத் தோட்டங்களுக்காக இந்தக் கூடுகளை விற்றதாக எழுதி வைத்திருக்கிறார்கள், ஆகவே தொழில் புதிதல்ல. வாங்கியே தீர வேண்டும் என்றால் ராணியைக் கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பக்கத்து மரத்தில் ஏற்கெனவே முசுறு இருந்தால் இந்தப் பாடே வேண்டாம். அங்கிருந்து உங்கள் மரங்களுக்குக் கயிறு கட்டுங்கள், தானாக வந்து கூடு தைக்கும். ஆனால் இரண்டு வெவ்வேறு கூட்டங்களைக் கயிற்றால் இணைத்துவிடாதீர்கள், எல்லையில் ஒன்றையொன்று கொன்று தீர்த்துவிடும்.

ஒரு விஷயத்தை மட்டும் விற்பவரும் சொல்ல மாட்டார், எறும்பு பிரியர்களும் சொல்ல மாட்டார்கள். மரத்தின் சாற்றை உறிஞ்சுகிற மாவுப்பூச்சியை, அது கசியவிடும் இனிப்புத் திரவத்துக்காக முசுறு காவல் காக்கும். மாவுப்பூச்சி அதிகமான கிளையை வெட்டி அப்புறப்படுத்துங்கள், அதற்காக மரம் முழுக்க மருந்து அடித்தால் எறும்பும் சேர்ந்து போய்விடும். குழாயில் வளர்ந்த கூட்டத்தை, சிறு எறும்புகளின் நடமாட்டம் இல்லாத, இளந்துளிர் விட்ட மரத்தில் விடுங்கள். முற்றிய இலையை அதனால் மடக்க முடியாது.