திருமண விசிடியை எம்பி4 ஆக்குவது: மங்கலுக்குக் காரணம்

வணக்கம் நண்பரே. பெற்றோரின் திருமண விசிடியிலிருந்த டிஏடி (.dat) என்ற காணொளிக் கோப்பை 1080 என்ற முழு எச்டி அளவுக்கு மாற்றியதும் முகங்கள் மங்கிவிட்டன என்று வருந்தியிருந்தீர்கள். கோப்பு கெடவில்லை, கவலை வேண்டாம். விசிடியில் இருப்பது எம்பெக்-1 என்ற பழைய சுருக்க முறையிலான காணொளி. நம் ஊர் வட்டுகளில் அதன் அளவே 352×288 புள்ளிகள்தான். பெரிதாக்கினால் இல்லாத நுணுக்கம் எங்கிருந்து வரும்?

முதலில் வட்டில் காணொளி இருக்கும் எம்பெகேவி (MPEGAV) கோப்புறையைக் கணினிக்கு நகலெடுங்கள். கோப்புப் பெயரின் இறுதியிலுள்ள டிஏடி என்ற பின்னொட்டை எம்பிஜி (.mpg) என மாற்றி, ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற இலவச மென்பொருளில் திறவுங்கள். எச்.264 என்ற காணொளிச் சுருக்க முறையைத் தேர்ந்தெடுத்து, அளவைத் தொடாமல், தர எண்ணை (RF) 18 என வையுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும்.

நகலெடுக்கும்போது நின்றுவிட்டால், மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள்; வட்டமாகத் தேய்க்காதீர்கள். மூலக் கோப்பை மட்டும் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். மறுபடி எடுக்க முடியாத படம் அது.