கழற்றினால் நலம், மாட்டினால் பழுது: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: விமானக் கருவி ஒவ்வொன்றுக்கும் இத்தனை மணி நேரம் என்று கெடு வைத்து, முடிந்ததும் மாற்றிவிட்டால் போதாதா? பழுதுகளை மாதாமாதம் கணக்கெடுக்கும் ரிலையபிளிட்டி (நம்பகத்தன்மை) திட்டம் எதற்கு?

பதில்: ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நோலன், ஹீப் இருவரும் 1978இல் எழுதிய அறிக்கையைப் பார்த்தால் அது ஏன் கைவிடப்பட்டது என்று புரியும். அவர்கள் ஆராய்ந்தவற்றில், வயது ஏற ஏறப் பழுது கூடியவை 11 சதவீதம்தான். 68 சதவீதம், மாட்டிய புதிதில் அதிகம் படுத்தி, பிறகு ஒரே சீராக ஓடியவை. ஆக, நன்றாக ஓடும் பெட்டியை (கழற்றி மாட்டும் கருவியை) நாள் பார்த்துக் கழற்றினால் அந்த ஆரம்பகாலத் தொல்லையை நாமே திரும்ப வரவழைக்கிறோம். டிசி-8 விமானத்தின் முதல் பராமரிப்புத் திட்டத்தில் 339 பாகங்களுக்கு ஓவர்ஹால் (பிரித்து முழுதாகச் சீரமைக்கும்) கெடு இருந்தது. பின்னால் வந்த டிசி-10இல் ஏழுக்கு மட்டும்.

கெடுவை எடுத்துவிட்டால் கண்காணிப்பு வேண்டுமல்லவா? அதற்குத்தான் இந்தத் திட்டம். விமானி எழுதும் புகார், தொழில்நுட்பத் தாமதம், திட்டமிடாமல் கழற்ற நேர்ந்தவை, பறக்கையில் நின்ற எஞ்சின் எல்லாம் இதில் சேரும். எஞ்சினுக்குள் சுழலும் டர்பைன் டிஸ்க் போன்றவை மட்டும் விலக்கு. அவற்றின் சைக்கிள் (ஒரு தடவை கிளம்பி இறங்குவது ஒரு சைக்கிள்) வரம்பை எவ்வளவு நல்ல புள்ளிவிவரம் காட்டியும் நீட்ட முடியாது.

கேள்வி: பழுது விகிதம் எதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை அளவை எப்படி நிர்ணயிக்கிறார்கள்? கணக்கோடு சொல்லுங்கள்.

பதில்: 10 விமானங்கள் மாதம் தலா 300 மணி பறந்தால் 3,000 மணி. விமானத்துக்கு இரண்டு வால்வு வீதம் 6,000 வால்வு-மணி. அந்த மாதம் 3 வால்வுகளைக் கழற்ற நேர்ந்தால், 1,000 மணிக்கு 0.5. கடந்த 12 மாத விகிதங்களின் சராசரி 0.40, திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) 0.10 என்று வைத்துக்கொள்வோம். சராசரியோடு விலக்கத்தின் இரண்டு மடங்கைக் கூட்டினால் எச்சரிக்கை அளவு 0.60, மூன்று மடங்கு என்றால் 0.70. இரண்டு வைத்தால் வெற்று அலாரம் அதிகம். மூன்று வைத்தால் மெல்ல வளரும் கோளாறு கண்ணில் படாது.

மாத எண் துள்ளும் என்பதால் மூன்று மாத நகரும் சராசரியைப் பார்ப்பார்கள். அப்போது விலக்கத்தையும் மூன்று மாத எண்களிலிருந்தே எடுக்க வேண்டும். மாத எண்களின் விலக்கத்தை அங்கே வைத்தால் கோடு எட்டாத உயரத்துக்குப் போய், அலாரம் அடிக்கவே அடிக்காது. இன்னொரு பொறி: மோசமான ஓர் ஆண்டை அப்படியே சேர்த்து அடுத்த ஆண்டின் அளவைப் போட்டால், மோசமே இயல்பாகிவிடும். காரணம் தெரிந்து சரிசெய்த மாதங்களை விலக்கிவிட்டுக் கணக்கிட வேண்டும்.

ஒரே ரகத்தில் ஆறுக்கும் குறைவான விமானங்கள் இருந்தால் ஐரோப்பிய வழிகாட்டுதல் அதைச் சிறு அணி என்கிறது. அங்கே சராசரிக்குப் பெரிய பொருளில்லை. ஒவ்வொரு பழுதையும் தனித்தனியே அலசுவதே வழி.

கேள்வி: அளவைத் தாண்டினால் விமானம் பறக்கத் தகுதியற்றதா?

பதில்: இல்லை. ஒவ்வொரு பழுதும் அன்றன்றே சரிசெய்யப்பட்டோ, எம்.இ.எல். (எந்தெந்தக் கருவி பழுதாயிருந்தாலும் பறக்கலாம் என்று சொல்லும் பட்டியல்) அனுமதிக்கும் வரம்புக்குள் தள்ளிவைக்கப்பட்டோதான் விமானம் கிளம்புகிறது. இந்த எண் மொத்த அணியைப் பற்றியது. எங்கே தோண்டுவது என்று காட்டும், அவ்வளவே. இரட்டை எஞ்சின் விமானத்தின் நெடுந்தூரக் கடல்வழி அனுமதியில் மட்டும் விஷயம் கடுமை. ஒரு எஞ்சினில் ஓடி விமான நிலையத்தை அடைய 120 நிமிடம் வரை ஆகலாம் என்ற அனுமதிக்கு 1,000 எஞ்சின்-மணிக்கு 0.05 தடவை எஞ்சின் நிற்பதும், 180 நிமிடத்துக்கு 0.03உம் வரையறை. தாண்டினால் விசாரணை கட்டாயம்.

கேள்வி: கழற்றிய பெட்டியைப் பட்டறையில் சோதித்தால் ‘கோளாறு இல்லை’ என்று வருகிறது. மாட்டினால் திரும்பவும் பழுது. ஏன்?

பதில்: பல சமயம் குற்றவாளி பெட்டியல்ல, கனெக்டர் பின்னில் ஏறிய அரிப்பு, உராய்ந்த வயர், தளர்ந்த எர்த் இணைப்பு. விடிந்தால் விமானம் கிளம்ப வேண்டும் என்ற நெருக்கடியில், வயரைத் தேடுவதைவிடப் பெட்டியை மாற்றுவது எளிது! மாற்றும்போது கனெக்டரைப் பிடுங்கி மாட்டுவதாலேயே கொஞ்ச நாள் சரியாகிவிடும்; அதுவே ஏமாற்றும். ஆகவே வால் எண் (விமானத்தின் பதிவு எண்) வாரியாகப் பாருங்கள். ஒரே விமானத்தில் பெட்டி மாற்றிப் பெட்டி மாற்றியும் அதே புகார் வந்தால் வயரிங்கைச் சோதியுங்கள்.

மாறாக, ஒரே சீரியல் எண் வெவ்வேறு விமானங்களிலிருந்து குறுகிய மணிகளில் மூன்று தடவை இறங்கியிருந்தால் அது போக்கிரிப் பெட்டி. அறை வெப்பத்தில், அதிர்வில்லாத மேசையில் அது நல்ல பிள்ளையாக நடக்கும். ஸ்டோருக்குத் திருப்பாமல் தனியே ஒதுக்கி, விமானி எழுதிய புகாரின் நகலோடு அனுப்பி, குளிரூட்டியும் அதிர்வூட்டியும் சோதிக்கச் சொல்லுங்கள். வெறும் ‘வேலை செய்யவில்லை’ என்று சீட்டில் எழுதி அனுப்பினால் அதே சோதனை, ‘நன்றாக இருக்கிறது’ என்ற அதே பச்சைச் சீட்டு.