சோயா வரிசையின் இடைவெளியைக் களைக்கருவியே முடிவு செய்யட்டும்

கேள்வி: அம்பத்தூரில் குடியிருக்கிறோம். ஊத்துக்கோட்டை பக்கம் 3 ஏக்கர் நிலம் இருக்கிறது. ஆடிப்பட்டத்தில் சோயா போட ஆசை. களையெடுக்க ஆளே கிடைப்பதில்லை. விதைக்கும் கருவி, பவர் வீடர் (களையெடுக்கும் இயந்திரம்) இரண்டையும் வாங்கிவிடலாமா?

பதில்: விதைக்கும் கருவி வேண்டாம். வருஷத்தில் ஒரு நாள் வேலைக்கு அதை வாங்கி ஷெட்டில் நிறுத்துவது வீண் செலவு. வாடகைக்கு எடுங்கள், வேளாண்மைப் பொறியியல் துறையில் விசாரியுங்கள், உழவன் செயலியிலும் பதிவு செய்யலாம். வீடர் வேறு கதை. களைக்கு நாள் தவறக் கூடாது. அந்த வாரத்தில் வாடகை வண்டிக்காகக் காத்திருக்க முடியாது. அதை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். மானியம் வேண்டுமென்றால் முதலில் விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கிவிட்டு, அப்புறம் கருவியை வாங்குங்கள்.

ஆனால் எந்த வீடர்? கடையில் முதலில் காட்டுவது பெரும்பாலும் 60 செ.மீ.க்கு மேல் அகலமாகச் சுழலும் மாடல். தென்னந்தோப்புக்கு அது சரி, சோயாவுக்குள் நுழையாது. நம் ஊரில் சோயாவுக்கு 30 செ.மீ. வரிசை சொல்வார்கள். அது கைக்களைக்குப் பொருந்தும் அளவு. இயந்திரம் ஓட வேண்டுமென்றால் 45 செ.மீ. விடுங்கள். இரண்டு பக்கமும் செடிக்கு ஏழெட்டு செ.மீ. ஒதுக்கினால் நடுவில் 30 செ.மீ. மிஞ்சும். கத்தியின் அகலம் அதற்குள் இருக்க வேண்டும். கடையிலேயே டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

விதைக்கும் கருவியில், விதையை ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் சாய்வுத் தட்டு வைத்த பிளான்டர் கிடைத்தால் அதையே கேளுங்கள். சோயா விதையின் தோல் மிக மெல்லியது. விதையைத் தொடர்ச்சியாகக் கொட்டும் சாதாரண சீட் டிரில்லின் பல் உருளையில் நசுங்கி இரண்டாகப் பிளந்துவிடும், பிளந்த விதை முளைக்காது. டிரில் மட்டும்தான் கிடைக்கிறது, கொழுக்கள் (மண்ணைக் கீறி விதை விழ வழி செய்யும் முனைகள்) 22.5 செ.மீ. இடைவெளியில் இருக்கின்றன என்றால், ஒன்று விட்டு ஒன்றை அடைத்தால் 45 செ.மீ. வந்துவிடும். வயலில் இறக்கும் முன் கெட்டித் தரையில் சில மீட்டர் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மீட்டருக்கு 20 விதை விழுந்தால் போதும். உடைந்த விதை கண்ணில் பட்டால் உருளையின் இடைவெளியைத் தளர்த்தச் சொல்லுங்கள். ஆழம் 3 செ.மீ., மிஞ்சினால் 4. சோயா தன் பருப்பையே தூக்கிக்கொண்டு மேலே வரும் பயிர். ஆழத்தில் போட்டு மழைக்கு மண் இறுகினால் கழுத்து ஒடிந்து உள்ளேயே அழுகும்.

சென்னையில் இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். விதையை முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைக்காதீர்கள். கடற்கரைப் புழுக்கத்தில் சோயாவின் முளைப்புத் திறன் வேகமாகக் குறையும். விதைப்பை ஒட்டி வாங்கி, ஈரச் சாக்கில் 100 விதையைச் சுருட்டி வையுங்கள். 70க்குக் கீழே முளைத்தால் அந்த மூட்டையைத் திருப்பிக் கொடுங்கள். ரைசோபியம் (வேர்முடிச்சு உண்டாக்கும் நுண்ணுயிர் உரம்) கலந்த விதையை நிழலில் நன்றாக உலர்த்திவிட்டுத்தான் கருவியின் விதைப்பெட்டியில் கொட்ட வேண்டும், ஈரமாக இருந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

வீடரை, விதைத்த 15 முதல் 20 நாளுக்குள் ஒருமுறையும் 30 முதல் 35 நாளுக்குள் ஒருமுறையும் ஓட்டுங்கள். மழை பெய்த மறுநாளே இறங்க வேண்டாம். மண்ணைக் கையில் பிடித்து விட்டால் பொலபொலவென்று உதிர வேண்டும், அதுதான் பதம். கத்தி 3, 4 செ.மீ.க்கு மேல் இறங்கினால் வேரும் வேர்முடிச்சும் அறுபடும்.

செடிக்கும் செடிக்கும் நடுவில் இருக்கும் களை எந்த வீடருக்கும் சிக்காது. இரண்டாம் முறை ஓட்டிய மறுநாள் இரண்டு பேரை விட்டுக் கையால் பிடுங்கச் சொல்லுங்கள். பூ எடுத்துவிட்டால் வீடரை வயலில் இறக்காதீர்கள். அதற்குள் இலை படர்ந்து வரிசைகளை மூடிவிடும், மிச்சக் களையை அந்த நிழல் அடக்கிவிடும்.