பாசி எடுக்குற அம்மாவுக்கு ராத்திரியில கொரக்களி

தங்கச்சி, பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துல கடல்பாசி எடுத்துட்டு வர்ற அம்மாவுக்கு நடுராத்திரி கெண்டைக்கால்ல கொரக்களி பிடிக்குது, உப்புக் குறைச்சலான்னு கேட்டிருந்தீங்க. உப்பு மட்டும் காரணம்னு சொல்ல முடியாது. மணிக்கணக்கா தண்ணிக்குள்ள முங்கி முங்கிக் காலை உதைச்சா சதை களைச்சுப் போகும். களைச்ச சதை ராத்திரி தானா சுருட்டிப் பிடிக்கலாம். அம்மாவுக்குப் பிரஷர் இருந்தா உப்பைக் கூட்டிக் குடுத்துடாதீங்க.

பிடிச்ச உடனே முழங்காலை நீட்டி, கால் விரலை முகத்தைப் பார்த்து மெல்ல இழுத்து 30 விநாடி வைங்க. எங்க அம்மாவுக்கு நான் அப்படித்தான் செய்வேன்; கல்லு மாதிரி உருண்டு நின்ன சதை என் கைக்குள்ளேயே இளகும். அப்புறம் வெந்நீர் ஒத்தடம்.

படுக்கும்முன் சுவத்துல கை ஊன்றி, குதிகால் தரையை விட்டு எழும்பாம முன்னால சாயச் சொல்லுங்க. தண்ணிக்குள்ளயும் வேர்க்கும், தாகம்தான் தெரியாது. போறதுக்கு முன்னாடியே நீராகாரம் குடிக்கட்டும். கடல்ல பிடிச்சா மல்லாந்து மிதந்து விரலை இழுக்கணும். தனியா மட்டும் முங்க விடாதீங்க.

பிரஷர், கொழுப்பு மாத்திரை சாப்பிடுறாங்கன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க, சில மாத்திரையாலயும் வரும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து சூடா இருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.