எட்டு ஓடு இருக்கிறதா, முதலில் எண்ணுங்கள்

கே: திருவொற்றியூர் கடலோரக் கருங்கற்களில் ஒட்டியிருந்ததைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். கைட்டன் என்ற கடல் பிராணிதானே?

இல்லை. உச்சியிலிருந்து கீற்றுக் கீற்றாக இறங்கும் ஒரே ஓடு. அது லிம்பெட் என்ற நத்தை வகை. பக்கத்தில் வெள்ளைப் பொருக்குப் போலத் தெரிவது கொட்டலசு, இறாலுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். கைட்டனுக்கு முதுகில் எட்டு ஓடுகள் கூரை ஓடு போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். சுற்றிலும் தடித்த தோல் பட்டை. நம்முடையது மணல் கரை என்பதையும் மறக்காதீர்கள். சென்னைத் துறைமுகம் கட்டியதும் வடக்கே போக வேண்டிய மணல் தெற்கே மெரினா பக்கம் தேங்கியது. வடக்கில் ஊர் அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்களில்தான் இந்தப் பாறைவாசிகள் குடியேறியிருக்கின்றன.

கே: ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் கடற்கரையில கைட்டன் ஒண்ண கத்தியால நெம்பினேன். மரவட்டை மாதிரி சுருண்டுடுச்சு. செத்துடுச்சா சார்?

சாகவில்லை, பயந்திருக்கிறது. மெத்தென்ற வயிற்றை மறைக்கத்தான் அந்தச் சுருளல். எடுத்த கல்லிலேயே ஈரமான நிழலில் விட்டால் தானே விரியும். அடுத்த முறை கத்தி வேண்டாம்.

கே: கைட்டனுக்கு இரும்புப் பல் என்கிறார்களே, கதையா?

கதையில்லை. நாக்குப் பட்டையில் வரிசை வரிசையாகப் பற்கள். பெரிய பற்களின் முனையில் மேக்னடைட், அதாவது காந்தத்தில் ஒட்டும் இரும்பு ஆக்சைடு. 1962-இல் ஹைன்ஸ் லோவென்ஸ்டாம் என்ற விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்தார். உயிரினத்தின் உடம்புக்குள் காந்தக் கல் உருவாகிறது என்று உலகம் அறிந்தது இந்தப் பல்லால்தான். பாறையைச் சுரண்டிப் பாசி தின்பதால் முன்வரிசை தேய்ந்து விழும். பின்னாலிருந்து புது வரிசை நகர்ந்து வரும். பல் மருத்துவர் செலவில்லை! கரீபியக் கடலின் அகாந்தோப்ளூரா கிரானுலேட்டா என்ற கைட்டனுக்கு ஓட்டிலேயே நூற்றுக்கணக்கில் குட்டிக் கண்களும் உண்டு. அந்தக் கண்களின் லென்ஸ் சதையல்ல, அரகோனைட் என்ற சுண்ணாம்புக் கனிமம்.

கே: கைட்டனைச் சாப்பிடலாமா?

கரீபியத் தீவுகளில் அதன் பாதத்தைச் சாப்பிடுகிறார்கள். எண்ணூர்ப் பக்கத்துக் கல்லில் கிடைத்தால் நான் தொடமாட்டேன். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதியதில் கொட்டிய எண்ணெய், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், இரண்டும் படிந்த கரை இது. கல்லைச் சுரண்டித் தின்னும் பிராணி கல்லில் இருப்பதையெல்லாம் தின்னும். காசிமேட்டில் நல்ல நண்டு கிடைக்கும், அதை வாங்குங்கள்.